ஷட்டர் பாதியில் நின்ற நாள்

என் மகள் வீட்டில் வண்டி நிறுத்துகிற செட்டுக்கு மோட்டார் ஷட்டர் போட்டிருந்தார்கள். தீப்பெட்டி அளவில் ஒரு ரிமோட். அதை அமுக்கினால் தகரக் கதவு முனகிக்கொண்டே மேலே சுருளும், மறுபடி அமுக்கினால் இறங்கும். சிவகாசியில் எங்கள் தெருவில் வேறு யார் வீட்டிலும் அது கிடையாது. காலண்டர் அடிக்கிற ஒரு பிரஸ் இடம் மாறிப் போனபோது பழைய சாமான்களோடு கிடந்த மோட்டாரை மாப்பிள்ளை வாங்கி வந்து மாட்டினார். மாட்டின புதிதில், சாயங்காலம் அவர் வண்டி வருகிற நேரத்துக்குத் தெருப் பிள்ளைகள் கூடி நிற்கும். அவர் தெருமுனையில் வரும்போதே அமுக்குவார். "என்னையக் கண்டா எங்க வீட்டுக் கதவு தானா எந்திரிக்கும்லே" என்று பிள்ளைகளிடம் சொல்லுவார். எதிர்த்த வீட்டுக்காரி, "பொண்டாட்டி எந்திரிக்காளோ இல்லையோ" என்பாள்.

மாப்பிள்ளை ஓட்டுவது குட்டி யானை என்று சொல்வார்களே, அந்தச் சின்ன லோடு வண்டி. பிரஸ்ஸில் இருந்து வெடிக்குச் சுற்றுகிற லேபிள், அட்டைப் பெட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு பட்டாசு ஆபீஸ்களில் இறக்குவார். எங்கள் பக்கம் பட்டாசுக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வது. மகள் காலண்டருக்குத் தகரம் அடிக்கிற வேலைக்குப் போவாள். பேத்தி பிறந்த பிறகு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூட்டி வந்து வைத்துக்கொண்டார்கள். அதுவரைக்கும் நான் அச்சங்குளத்துப் பக்கம் ஒரு ஆபீஸில் சரவெடிக்குச் சரம் பின்னிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையிடம் நான் நேராகப் பேசியது கிடையாது. எங்கள் அம்மா என் வீட்டுக்காரரிடம் பேசினதில்லை, நானும் பேசவில்லை. அவர் வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். ஏதாவது சொல்லணும் என்றால் மகளிடம், "காப்பி ஆறுதுன்னு சொல்லு" என்பேன். மகள் இல்லையென்றால் தொட்டிலில் கிடக்கிற பேத்தியிடம் சொல்லுவேன். பேத்தி தூங்கினால் சுவரிடம் சொல்லுவேன். அவரும் அப்படித்தான். நடுவீட்டில் நின்று சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரைப் பார்த்து, "மத்தியானம் சாப்பிட வரமாட்டேன்" என்பார். அவர் அதை மரியாதைக்குச் செய்தார். எனக்கு மரியாதையும் உண்டு, கூச்சமும் உண்டு. வேலை பார்த்த இடத்திலேயே போர்மேன் ஏதாவது கேட்டால் பக்கத்தில் இருப்பவளை இடித்துப் பதில் சொல்ல வைக்கிற ஆள் நான்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன டெலிபோன் கம்பியா?" என்று மகள் சடைத்துக்கொள்வாள்.

அந்த வருசம் மழைக்காலத்துக்கு முன்னாலேயே மோட்டார் படுத்த ஆரம்பித்தது. பாதி ஏறி நிற்கும். நின்ற இடத்தில் இருந்து சில நேரம் கடகடவென்று கீழே இறங்கும். ஒரு தடவை மாப்பிள்ளை குனிந்து உள்ளே நுழையும்போது முதுகுக்குப் பின்னாலேயே தடாரென்று விழுந்தது. அடுப்படியில் இருந்த நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்படிக்கும் செட்டுக்கும் ஒரே சுவர்தான், நடுவில் குனிந்து போகிற மாதிரி ஒரு சின்னக் கதவு உண்டு.

எலக்ட்ரீசியன் வந்து ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். "உள்ள பல்லுச் சக்கரம் தேஞ்சிருச்சு. இதுக்கு இனிமே பல்லா கட்ட முடியும்? மதுரையில சொல்லிப் புதுசு வாங்கிருங்க" என்றார்.

அதில் இருந்து ராத்திரிச் சாப்பாடு ஆகும்போது தினமும் இதே பேச்சு.

"புதுசு எதுக்கு? அந்தச் சக்கரத்த மட்டும் கடைசல் போட்டுத் தந்தா இன்னும் பத்து வருசம் ஓடும்" என்பார் மாப்பிள்ளை.

"மோட்டாரத் தூக்கிப் போட்டுட்டுக் கையால இழுங்க. கை நல்லாத்தான இருக்கு?" என்பாள் மகள்.

"தெருவுல அம்புட்டுப் பேரும் சிரிக்கிறதுக்கா?"

"இப்ப மட்டும் என்னவாம்? கரண்டு போனா வெளிய நின்னு சங்கிலியப் பிடிச்சுத் தொங்குறீக. கிணத்துல தண்ணி எறைக்காகன்னு எதுத்த வீட்டுக்காரி சொல்றா."

என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஒன்று சொல்ல இருந்தது. நான் வேலை பார்த்த ரூம் எல்லாத்துக்கும் நாலு பக்கமும் கதவு. எல்லாம் வெளியே பார்த்துத் திறக்கிற கதவு. ஆள் உள்ளே இருக்கிறவரைக்கும் ஒரு கதவையும் சாத்தக்கூடாது. ஓடணும் என்றால் கையை வைத்துத் தள்ளக்கூட நேரம் இருக்காது, உடம்பு போய் மோதினாலே அது திறந்துகொள்ளணும். அப்படியே வருசக்கணக்காக இருந்து பழகியதால், மேலே இருந்து விழுகிற கதவே எனக்கு ஆகாது. மகளிடம் ஒரு நாள் சொன்னேன். "நீ எல்லாத்தையும் ஆபீஸ்னே நெனைக்காதம்மா" என்றாள். அவள் சொன்னதும் சரிதான். அந்த வீட்டிலும் ஒரு ரூமுக்குள் நுழையும்போது என் கை தானாக நிலையைத் தொடும். ஆபீஸில் வாசலில் செப்புத் தகடு அடித்திருக்கும், உடம்பில் இருக்கிற கரண்டு இறங்குவதற்காக அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகணும். வீட்டில் தகடு எங்கே இருக்கிறது? கை மட்டும் போகும்.

சக்கரத்தைக் கடைசலுக்குக் கொடுக்கவும் இல்லை, புதுசுக்குச் சொல்லவும் இல்லை. சீசன் வந்துவிட்டது. தீபாவளி நெருங்க நெருங்க எங்கள் ஊரில் ஆட்களுக்குச் சோறு தின்ன நேரம் இருக்காது. "சீசன் முடியட்டும், பாத்துக்கிடலாம்" என்று மாப்பிள்ளை காலண்டரிடம் சொன்னார்.

ஒரு நாள் சாயங்காலம், அவருக்கு அடிக்கடி லோடு கொடுக்கிற பட்டாசு ஏவாரி ஒருவர் வேனில் வந்தார். செட்டுக்குள் பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். நான் பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். சின்னக் கதவின் இடுக்கு வழியாக வாசனை வந்தது. வெடிமருந்து வாசனையும் பசை வாசனையும் கலந்து வரும், என் சேலையில் இருந்தும் தலைமுடியில் இருந்தும் அத்தனை வருசம் வந்த வாசனை. எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

மகள் வேலை முடிந்து வந்ததும் கேட்டேன். "என்னதுடி அது?"

"கிப்ட் பாக்ஸ்மா. ஏவாரி குடோன் நெறஞ்சு போச்சாம். நாளைக்கு வடக்க போற லாரியில ஏத்திருவாக. ஒரு ராத்திரிதான்."

"தொட்டில் இங்கன கெடக்கு. சொவத்துக்கு அந்தப் பக்கம் வெடி."

"வெடி இல்லம்மா, சரக்கு. சீல் போட்டு ஒட்டுன சரக்கு" என்றாள்.

எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மருந்தாக இருக்கும்போது பயப்படுவோம். தாள் சுற்றி, லேபிள் ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டால் அது மளிகைச் சாமான் மாதிரி ஆகிவிடும். கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு அதன் மேலேயே படுத்துத் தூங்குகிறவர்கள் உண்டு. நானும் என் வீட்டில் ஒன்றிரண்டு பெட்டி அப்படி வைத்தவள்தான். ஆனால் இது கூரை முட்ட இருந்தது. ஷட்டருக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் கையை நீட்டுகிற தூரம்தான். அன்றைக்குத் தொட்டிலை அவிழ்த்து முன் ரூமில் கட்டினேன். மாப்பிள்ளை பார்த்தார். சுவரிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மகள் வேலைக்குப் போன பிறகு, சரக்கு ஏற்றுவதற்கு அவர் வண்டியைச் செட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி ரிமோட்டை அமுக்கினார். ஷட்டர் முழங்கால் உயரம் ஏறியது. பிறகு கிறீச்சென்று ஒரு சத்தம். ஒரு பக்கத்துத் தகடு, தான் ஏறி இறங்குகிற இரும்புக் காடியையும் மடக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. சங்கிலியைப் பிடித்து இழுத்தார், அது வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றியது. மோட்டார் மட்டும் உறுமியது. ஒயரை உருவிவிட்டார்.

அதற்குள் ஏவாரியிடம் இருந்து போன். "ஏத்தியாச்சா? லாரி மத்தியானம் கெளம்பிரும்." அந்தப் போனில் அவர் பேசுவது அடுப்படி வரைக்கும் கேட்டது.

பெட்டிகளை அடுப்படி வழியாகத் தூக்கி முன் வாசலுக்குக் கொண்டுவரலாம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஷட்டரோடு ஒட்டி வண்டியை நிறுத்தி ஏற்றினால் யார் கண்ணிலும் படாது, முன் வாசல் வழியாக ஒவ்வொன்றாகத் தூக்கினால் தெருவே பார்க்கும். அந்த வாரம் லைசென்ஸ் இல்லாமல் வெடி வைத்திருக்கிற வீடுகளைத் தேடி ஜீப்பில் சோதனைக்கு வருகிறார்கள் என்று பேச்சு. மாப்பிள்ளை செட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தார். எலக்ட்ரீசியனுக்குப் போன் பேசினார். அவர், மடங்கின காடியை அறுத்து எடுத்தால்தான் ஷட்டரை அசைக்க முடியும், பிறகு மோட்டாரைப் பார்ப்போம் என்றிருக்கிறார்.

அறுப்பது என்றால் வெல்டிங் பட்டறை ஆள்தான் வரணும்.

வந்தது காரியாபட்டிப் பக்கத்துத் தம்பி ஒருவர். மீசை கறுகறுவென்று, நெற்றியில் திருநீறு. பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவர் என்று பேச்சில் இருந்து தெரிந்தது. ஒரு மூன்று சக்கர வண்டியில் வெல்டிங் செட்டும், வட்டக் கல் சுற்றுகிற அறுக்கிற மிஷினும் கொண்டுவந்து ஷட்டருக்கு முன்னால் இறக்கினார். நான் ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டேன்.

"உள்ள என்ன அண்ணாச்சி இருக்கு?" என்று கேட்டார்.

"பேப்பரு" என்றார் மாப்பிள்ளை. "பிரஸ்ஸு பேப்பரு. பொறி விளுந்தா வீணாப் போகும். சாக்க நனைச்சு அடைக்கேன்."

பக்கத்துக் குழாயில் சாக்குகளை நனைத்து அந்த முழங்கால் இடைவெளியில் திணித்தார். அவர் கையைப் பார்த்தேன். ஒரு சாக்குப் போதுமான இடத்தில் மூன்று சாக்குத் திணித்தார். பேப்பருக்கு யாரும் அப்படி அடைக்க மாட்டார்கள்.

தம்பி மிஷினைக் கையில் எடுத்து சுவிட்சைப் போட்டார். ஓடவில்லை. நிமிர்ந்து பார்த்து, "கரண்டு போயிருச்சா?" என்றார்.

கரண்டு போயிருந்தது. அந்த வருசங்களில் முறை வைத்து நிறுத்துவார்கள். உச்சி வேளைக்கு முன்னால் வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு வண்டி ஓரத்தில் உட்கார்ந்தார். எனக்கு மட்டும் அப்பாடா என்றிருந்தது. பிறகு யோசித்தால், அது வரப்போகிற கரண்டு. அடுப்படியில் நின்று போயிருந்த மின்விசிறியைப் பார்த்தேன். அது சுற்ற ஆரம்பிப்பதற்குள் யாராவது ஏதாவது செய்யணும். வீட்டில் இருந்தது நான் மட்டும்தான்.

வெளியே தம்பி சும்மா இருக்கமுடியாமல் பீடியை எடுத்தார். தீப்பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார். மாப்பிள்ளை துள்ளி எழுந்தார்.

"ஏலே, இங்கன வேண்டாம். அங்கன போயிக் குடி. அந்த வேப்ப மரத்துக்கு."

"ஏன் அண்ணாச்சி?"

"வீட்டுல கைப்புள்ள இருக்கு. பொகை ஆகாது."

கைப்பிள்ளை முன் ரூமில், நடுவில் ஒரு சுவரும் ஒரு கதவும் தாண்டித் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே மரத்தடிக்குப் போனார். அப்போதுதான் எனக்கு நன்றாக உறைத்தது. மாப்பிள்ளைக்குத் தெரியாமல் இல்லை. ஒரு பீடி நெருப்பை அம்புட்டுத் தூரம் விரட்டுகிற ஆள், மத்தாப்பு மாதிரிப் பொறி கொட்டுகிற மிஷினைப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார் என்றால், ஈரச் சாக்கையும் தன் நேரத்தையும் நம்பி நிற்கிறார். அந்தத் தம்பிக்குத்தான் தெரியாது. தெரியாமல் குனிந்து முகத்தை அந்த இடுக்குக்கு நேரே வைக்கப்போகிறவர் அவர்தான்.

எங்கள் பக்கம் எங்கேயாவது தூரத்தில் சத்தம் கேட்டால், வேலை செய்கிற கை அப்படியே நிற்கும். என்ன சத்தம் என்று யாரும் கேட்பதில்லை. வெளியே வந்து வானத்தைப் பார்ப்போம், புகை எந்தப் பக்கம் என்று. புகை தெரிந்த பிறகு, அந்தப் பக்கம் வேலைக்குப் போனவர்கள் இருக்கிற வீட்டுப் பெண்கள் செருப்புப் போடாமல் நடக்க ஆரம்பிப்பார்கள். நான் அப்படி ஒரு தடவை நடந்திருக்கிறேன். என் ஆள் திரும்பி வந்துவிட்டார். கூட நடந்தவளின் ஆள் வரவில்லை.

எனக்குத் தெரிந்த வழியில் சொல்லிப் பார்த்தேன். தொட்டிலை ஆட்டிக்கொண்டு சத்தமாக, "ஏத்தா, எந்திரிச்சிராத. செட்டுப் பக்கம் நெருப்பு வேலை நடக்கப் போகுதாம். உங்க அம்மா இருந்தா விடுவாளா?" என்றேன்.

வெளியே இருந்து மாப்பிள்ளை வண்டியிடம் சொன்னார். "ஒண்ணும் ஆகாது. எல்லாம் அடைச்சாச்சு. புள்ளயப் பாத்துக்கிட்டா போதும்."

"சரக்க அடுப்படி வளியாத் தூக்கிறலாம். நானும் ஒரு கை பிடிப்பேன்" என்று தொட்டிலிடம் சொன்னேன்.

"ஜீப்பு வந்து நின்னா யாரு பதில் சொல்றது?" என்று அவர் வண்டியிடம் கேட்டார்.

மரத்தடியில் இருந்து திரும்பி வந்த தம்பி அங்கேயும் இங்கேயும் பார்த்தார். "யாருகிட்ட அண்ணாச்சி பேசுறீக?"

"வீட்டுல மாமியா."

"சண்டையா?"

"சேச்சே."

"பெறகு எதுக்கு வண்டிகிட்டப் பேசுறீக? அது என்ன சொல்லுச்சு?" என்று அவர் சிரித்தார். வேறு நாளாக இருந்தால் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பேன்.

பேத்தியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன் வாசல் வழியாக இறங்கி எதிர்த்த வீட்டுக்குப் போனேன். அவர்கள் இருவருக்கும் முதுகைக் காட்டித்தான் தெருவைக் கடந்தேன்.

எதிர்த்த வீட்டுக்காரி சட்னிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "வாங்க மதினி. என்ன அதிசயம், வாசல் தாண்டி வந்துட்டீக?" என்றாள். எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்து, "கதவு மடங்கிப் போச்சா? என்னையக் கண்டா தானா எந்திரிக்கும்னாரு. இன்னைக்கு மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலையாக்கும்" என்றாள்.

நான் பிள்ளையை அவள் மடியில் போட்டேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை பத்திரமாக இருக்கிறது, நானும் தள்ளி வந்துவிட்டேன். இதற்கு மேல் பேசுவது என் வேலை இல்லை, அது அவர் வீடு, அவர் சரக்கு, நான் மகள் வீட்டில் அண்டி இருக்கிறவள். மனசு இதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஓடிப்போய் மகளைக் கூட்டி வரலாமா என்று பார்த்தால், அவள் வேலை பார்க்கிற இடம் பஸ் ஏறிப் போகிற தூரம். இவளிடம் சொல்லி இவளைப் பேச வைக்கலாமா என்றும் வாய் வரைக்கும் வந்தது. இவளிடம் சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், ஜீப்புக்குக் காத்திருக்க வேண்டாம்.

"ஏன் மதினி வேர்க்கு? மூஞ்சி வெளிறிக் கெடக்கு?" என்று அவள் கேட்டாள்.

என் கழுத்தில் காற்றுப் பட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் வீட்டு மின்விசிறி ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி, அடுத்த சுற்று வேகமாகச் சுற்றியது.

தெருவை எப்படிக் கடந்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வழியில் ஒரு சைக்கிள்காரர் என்னைத் திட்டினது மட்டும் காதில் இருக்கிறது. தம்பி குத்துக்கால் போட்டு உட்கார்ந்து மிஷினைக் காடிக்கு நேராகத் தூக்கிவிட்டார். கல் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தத்துக்கு மேலே என் குரல் எழும்பாது என்று நினைத்து, போய் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். தெரியாத ஆம்பளையின் தோளை அன்றைக்குத்தான் தொட்டேன். அவர் பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டார். மிஷின் மண்ணைச் சுரண்டி நின்றது.

"எய்யா, வைக்காதய்யா" என்றேன். "உள்ள பேப்பரு இல்ல. வெடி. கூரை முட்ட வெடி கெடக்கு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஷட்டர் இடுக்கில் இருந்த ஈரச் சாக்குகளைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். எழுந்திருக்கவே இல்லை, இருந்த இடத்தில் இருந்தே கையை ஊன்றிப் பின்னால் நகர்ந்து போய் ஒயரை உருவினார். அதற்கு அப்புறம்தான் எழுந்தார்.

"அண்ணாச்சி" என்றார். சத்தம் போடவில்லை. "பீடிய மரத்தடிக்குப் போயிக் குடிக்கச் சொன்னீகல்ல. அப்ப ஒங்களுக்குத் தெரியும்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தை அம்புட்டுப் பக்கத்தில் நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. காலையில் இருந்து தண்ணீர்கூடக் குடிக்காத முகம். எதிர்த்த வீட்டுக்காரி பிள்ளையோடு வாசலுக்கு வந்து, "என்ன மதினி? என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வந்தது வந்துவிட்டோம் என்று, அவரைப் பார்த்தே சொன்னேன். "ஜீப்பு வந்தா வரட்டும் மாப்ளே. அடுப்படிக் கதவத் தெறங்க."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் நடந்தார். முன் வாசல் வழியாக உள்ளே போய், அடுப்படிக்குள் குனிந்து, அந்தச் சின்னக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது.

நானும் அவரும் தூக்கினோம். செட்டில் இருந்து அடுப்படிக்கு அவர் நீட்டுவார், நான் வாங்கி வாசலுக்குக் கொண்டுபோவேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், போய்விட்டார் என்று நினைத்த வெல்டிங் தம்பி வாசலில் நின்று என் கையில் இருந்து பெட்டியை வாங்கி வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் இருந்த தீப்பெட்டியை எதிர்த்த வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அவளும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இம்புட்டயுமா வச்சுக்கிட்டுக் கெடந்தீக?" என்று எண்ணிக்கொண்டே நின்றாள். தெருவே பார்த்தது. ஜீப் வரவில்லை. லாரி போய்விட்டது. ஏவாரி வந்து மாப்பிள்ளையிடம் வாயில் வந்ததைப் பேசி, வண்டியோடு சரக்கைத் தன் குடோனுக்கே கொண்டுபோகச் சொன்னார். அந்த சீசனில் அவரிடம் இருந்து வேறு லோடு வரவில்லை.

மகள் வந்து எல்லாவற்றையும் கேட்டாள். அவரிடம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். அடுத்து வந்த நாட்களில் மாப்பிள்ளை காலண்டரிடம்கூடப் பேசவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் போவார். அடுப்படிப் பக்கம் பார்க்கமாட்டார். தெரியாத ஆளுக்கு முன்னால், தெருவில் வைத்து, வீட்டு மாப்பிள்ளையைக் காட்டிக் கொடுத்த மாமியார் என்று என்னை நினைக்கிறார் என்று எனக்குப் பட்டது. ஊருக்குப் போவதற்குத் துணி எடுத்து வைத்தேன். ஆபீஸில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்றும் யோசித்தேன். மகள் அந்தப் பையைப் பார்த்துவிட்டு எடுத்துப் பரண் மேல் போட்டாள்.

தீபாவளி முடிந்து, செட்டைக் கழுவிவிட்டு, வெல்டிங் தம்பியை மறுபடி கூப்பிட்டார்கள். எலக்ட்ரீசியனும் வந்தார். மடங்கின காடியை அறுத்து ஷட்டரை இறக்கிப் போட்டார்கள். எலக்ட்ரீசியன் மோட்டாரைத் தரையில் வைத்துப் பிரித்து, "சொன்னேன்ல, புதுசு வாங்கிருங்க. இல்லைன்னா இந்தச் சக்கரம் ஒண்ண மட்டும் மாத்தி ஓட்டலாம், ஆனா எம்புட்டு நாளைக்குன்னு கேக்கப்படாது" என்றார். மாப்பிள்ளை அதை எடுத்துப் பார்த்தார். எண்ணெயும் தூசியும் அடைந்து, பல்லெல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்தது. ரொம்ப நேரம் கையில் வைத்துத் திருப்பினார்.

"வேண்டாம்" என்றார். "ரெண்டும் வேண்டாம். ரெட்டைக் கதவு அடிச்சிருவோம்."

வெல்டிங் தம்பி அளவு எடுக்க டேப்பை நீட்டினார். "எப்படி அண்ணாச்சி, உள்ள தெறக்கணுமா, வெளிய தெறக்கணுமா? வெளியன்னா தெருவுல இடிக்கும்."

நானும் மகளும் அடுப்படியில் இருந்தோம். சின்னக் கதவு திறந்து கிடந்தது. மாப்பிள்ளை இந்தப் பக்கம் திரும்பி, குனிந்து எங்களைப் பார்த்தார். மகள் வழக்கம்போல என் பக்கம் திரும்பி, "எப்படித் தெறக்கணும்னு கேக்காகம்மா" என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"அத்தை" என்றார் அவர். "எப்படி அடிக்கச் சொல்ல?"

நான் எழுந்து நின்றேன். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். மகளைப் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை.

"வெளிய தெறக்கட்டும் மாப்ளே" என்றேன். "இடிச்சா இடிக்கட்டும்."